கையெழுத்துக்கான இடம்

பல்கலைக்கழக அலுவலகத்தின் மூன்றாவது மேசையில் பத்தொன்பது நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. எல்லாம் ஆய்வகப் பதிவேடுகள். மேல் நோட்டின் அட்டையில் அமிலம் தின்ற ஓட்டை வழியே நீல மை எட்டிப்பார்க்கிறது. எதிரே நிற்பவளை மாணவர்கள் ‘லேப் அக்கா’ என்பார்கள். இத்தனை வருட ஆய்வக வேலைக்காக, தான் சேரப்போகும் பட்டப்படிப்பில் ஒரு வருடத்தையாவது கழித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்க வந்திருக்கிறாள். அதிகாரி விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுகிறார். ஒரு புரட்டலில் ஒரு மழைக்காலமே ஓடிப்போகிறது.

“பக்கத்துக்குப் பக்கம் பேராசிரியர் கையெழுத்துதானே இருக்கு?”

“எழுதினது பூரா நான் சார். கரைசல் கலக்குறது, அளவு பாக்குறது, தப்பானா திரும்பச் செய்றது, எல்லாம் நான்தான். அவர் சாயங்காலம் வந்து கையெழுத்து மட்டும் போடுவாரு.”

“அப்ப அதையே அவரை எழுதித் தரச் சொல்லுங்க.”

“அவர் தவறிப்போயி நாலு வருஷமாச்சு சார்.”

“அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

மின்விசிறி கறகறக்கிறது. பக்கத்து மேசையில் யாரோ தபக் தபக்கென்று முத்திரை குத்துகிறார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதித் தரச் சொல்லி அதிகாரி ஒரு தாளை நீட்டுகிறார். அவள் குனிந்து எழுதுகிறாள். அதே சாய்ந்த எழுத்து, அதே நீல மை. தேதி, எண்ணிக்கை, எதையும் விடவில்லை. முடித்ததும், அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, தாளை அவர் பக்கமாகத் திருப்பி நகர்த்தி, பேனாவையும் அதன்மேல் வைக்கிறாள்.

“இதுல நீங்கதாம்மா போடணும்” என்கிறார் அதிகாரி.