இட்லி தின்ற கடற்காகம்

கடற்காகங்கள் எதை விழுங்கினாலும், ஜெசிந்தா தன் கையால் மாட்டிவிட்ட கால்வளையம் அவளுடைய கைபேசிக்குச் சொல்லிவிடும். தூத்துக்குடிக் கடலில் அவற்றுக்கு மீன் போதுமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. பதினேழாம் பறவை மட்டும் ஒரு வாரமாக அவளைப் படுத்தி எடுத்தது.

"சாளை. நெத்திலி," என்றது கைபேசி. பிறகு, "இட்லி. மிளகாய்ப்பொடி. நல்லெண்ணெய்."

இமயத்தைத் தாண்டி வந்த பறவைக்கு ஏது நல்லெண்ணெய்? வளையம்தான் பழுது என்று நினைத்திருந்தவள், அன்று "புளியோதரை" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் மீன்பிடிக்கப் போன கணவன் அமலனுக்கு அவள் கட்டிக்கொடுத்தது அதுதான்.

அவன் வள்ளத்தைக் கரையேற்றும்வரைகூட அவள் பொறுக்கவில்லை.

"என் ஆராய்ச்சியவே கெடுத்துட்டீங்களே! அதுக்கு ஏன் சோறு போட்டீங்க?"

"கால்ல உன் வளையம் கெடக்கே, ஜெசி. எங்கேயோ பனிமலையிலருந்து வந்து வள்ளத்துல உக்காருது. உங்க வீட்டு ஆளு வந்தா நான் பட்டினியாவா அனுப்புதேன்?"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பதினேழாம் பறவையை ஆய்விலிருந்து நீக்கினாள். கைபேசி காரணம் கேட்டது.

"எங்க சொந்தக்காரங்க," என்றாள்.