மஞ்சள் துணி

“இருக்கறதுலயே பெருசு இதுதானே பாய்? இதையே கொடுங்க.”

செம்மொழி காட்டிய பைனாகுலரை உபைதுல்லா அலமாரியிலிருந்து எடுத்தார்.

துபாயில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்து, நாகூர் தர்காவுக்குப் போகும் தெருவில் அவர் வைத்திருக்கும் ஃபாரின் சாமான் கடை அது. டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில், டார்ச் லைட் எல்லாம் கிடைக்கும்.

செம்மொழி மன்னார்குடிப் பக்கம். ஒவ்வொரு பஸ்ஸையும் எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டுக் கேட்டு ஏறி வந்திருந்தாள். சனிக்கிழமை வடுவூர் ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு ஆரம்பம். பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்துக் கிடைத்திருக்கும் முதல் வேலை. சொந்தமாக பைனாகுலர் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

“அப்பா என்னம்மா பண்றாங்க?”

“வயல் வேலைங்க.”

“நல்லது. எல்லாரும் இருபது பவர்னு நம்பரைப் பார்த்து இதைத்தான் தூக்குறாங்க. வாசல்ல நின்னு தர்கா மனோராவைப் பாருங்க, தெரியும்.”

செம்மொழி காட்சியைத் தெளிவாக்கும் நடுச் சக்கரத்தைத் திருகித் திருகிப் பார்த்தாள். மனோரா கோபுரத்தின் உச்சி நடுங்கியது. அதில் உட்கார்ந்திருந்த புறா குதியாட்டம் போட்டது.

“பூகம்பம் வந்த மாதிரி இருக்கு பாய்.”

“உங்க கை நடுக்கத்தையும் சேர்த்து இருபது மடங்கு காட்டும்மா அது. ஏரிக்கரைல நாள் பூரா மாட்டிக்கிட்டு நின்னா கழுத்தும் போயிடும்.”

திருப்பி வாங்கியவர் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார்.

செம்மொழிக்குச் சுருக்கென்றது.

சற்று முன்னால் பைக்கில் வந்த ஒருவன் இதே பைனாகுலரைப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். அப்போதும் இவர் கண்ணில் வைத்துப் பார்த்தார். ஆனால் துடைக்கவில்லை. அப்படியே உள்ளே வைத்தார்.

பண்ணை வீட்டு வாசலில் அம்மா காத்தாயி இறக்கி வைக்கும் நெல் அளக்கும் மரக்காலை, தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பார்கள். சின்ன வயதில் பார்த்தது. இப்போது ஏன் அது ஞாபகம் வர வேண்டும்? இவர் அப்படிப்பட்டவராக இருக்க மாட்டார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

“இது பத்து பவர். பாருங்க.”

பார்த்தாள், கொடுத்தாள். அவர் கண்ணில் வைத்தார். மஞ்சள் துணி மறுபடி வெளியே வந்தது. பிறகு சக்கரத்தையும் லேசாகத் திருகிப் பார்த்தார்.

மூன்றாவதாக அவர் கொடுத்தது எட்டு பவர். கைக்கு அடக்கமாக இருந்தது. சக்கரத்தைத் திருகினாள். புறா அசையாமல் நின்றது. கழுத்தில் பச்சையும் ஊதாவும் மினுங்க, கண்ணைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம்! அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையின் கண்ணை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“இதுதான் பாய். இதையே கட்டிக் கொடுத்துடுங்க.”

உபைதுல்லா இந்த முறை கண்ணில் வைக்கவில்லை. சக்கரத்தை மட்டும் உற்றுப் பார்த்தார்.

“இன்னைக்கு இதை உங்களுக்கு விக்க மாட்டேம்மா.”

“ஏன்?”

“சொல்றேன். முதல்ல...”

“நானே சொல்லவா?” அவள் குரல் உடைந்தது. “என் கை பட்டதுன்னுதானே துடைச்சுத் துடைச்சு வச்சீங்க? பைக்ல வந்தவர் கொடுத்தப்போ துடைக்கலையே. வயல் வேலைன்னு சொன்னது என் தப்பு.”

உபைதுல்லா கையிலிருந்த துணியைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிவிட்டது.

“யா அல்லா! அப்படியாம்மா நினைச்சீங்க?”

கடையை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார். தெரு முனையைக் காட்டினார்.

“அதோ, அந்தக் கடை போர்டைப் படிங்க. வெறும் கண்ணால.”

செம்மொழி திரும்பினாள். தெரு முனையில் வெயிலும் வண்ணங்களும் குழம்பிக் கிடந்தன, எப்போதும்போல.

“எந்தக் கடை?”

உபைதுல்லா அவள் பக்கம் திரும்பினார்.

“ஸ்கூல்ல எந்த பெஞ்சுல உட்காருவீங்க?”

“முதல் பெஞ்சு. காலேஜ்லயும்.”

“அதான் யாருக்கும் தெரியல. நீங்க பார்த்துட்டுக் கொடுத்ததும் எனக்கு எல்லாம் ஒரே மங்கல். உப்புக் காத்து, லென்ஸ்ல படிஞ்சிருக்கும்னு துடைச்சேன். போகல. சக்கரத்தைத் திருப்பினதும் தெளிஞ்சிடுச்சு. மூணையும் ஒரே பக்கமாத் திருப்பியிருக்கீங்கம்மா. எனக்கு மங்கலா இருக்கறதுதான் உங்களுக்குத் தெளிவு.”

செம்மொழி கண்ணை இடுக்கித் தெரு முனையை மறுபடி பார்த்தாள்.

“அது மூக்குக் கண்ணாடிக் கடை. முதல்ல அங்க போய்க் கண்ணைக் காட்டுங்க. பறவை எங்க உட்கார்ந்திருக்குன்னு வெறும் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பலாம்? சனிக்கிழமைக்குள்ள வாங்க. பெட்டி மேல உங்க பேர் எழுதி வைக்கிறேன்.”

அவள் கண் நிறைந்தது. கொஞ்ச நஞ்சம் தெரிந்த தெருவும் கரைந்து போனது.

உபைதுல்லா மஞ்சள் துணியை நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் திருப்பிக் கொடுத்தாள்.

ஈரமாக இருந்த அந்தத் துணியை அவர் பதமாக மடித்து, நெஞ்சோரச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.