கொழுப்பில்லாத கறி

டெனீஸ் கறிப் பொட்டலத்தின் உறையை நாலாக மடித்து, குப்பைத் தொட்டியில் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் திணித்தாள். 

வெளியே படியில் அப்பா பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் மழையைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மேய்ச்சல் நிலம் முழுக்கச் செம்புழுதிதான். ஆனாலும் அப்பா மெர்வ் பூட்ஸைத் தட்டித் தட்டி, இருமி, தொண்டையைச் செருமி, அதன் பிறகுதான் உள்ளே வருவார்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது இப்படி இல்லை. சேற்றுக் காலோடு நேரே அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். வயதான பிறகாவது மனிதர் திருந்தினாரே என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டெனீஸ் அவசரமாகத் தொட்டியை மூடிவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

"தண்ணித் தொட்டிகிட்ட ஒரே கங்காருக் கூட்டம்" என்றபடி தொப்பியை ஆணியில் மாட்டினார் மெர்வ். "மாட்டுக்குன்னு இருக்கறதையும் குடிச்சிட்டுப் போகுதுங்க."

"விரட்ட வேண்டியதுதானேப்பா?"

"விரட்டி என்ன பண்ண. அதுங்களுக்கும் தாகம்தான்." மேசைமுன் உட்கார்ந்தார். எதிரே இருந்த காலி நாற்காலியை அவர் பார்க்கவில்லை. "நீயா சமைக்கிறே? பிரிஸ்பேன்ல எல்லாம் டப்பாவுலதானே சாப்பிடுவே?"

"கிண்டல் வேணாம். ஸ்டூ வச்சிருக்கேன். நம்ம மாட்டுக்கறிதான், ஃப்ரீசர்லேர்ந்து எடுத்தேன்."

"ம்" என்றார் மெர்வ்.

அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்துப் பண்ணைப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் மாட்டுக்கறி சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடியில் பெயர் ஒட்டிய அந்தப் பாத்திரங்களெல்லாம் கழுவி, திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல் அடுக்கிக் கிடந்தன. எதிலும் இரண்டு வாய்க்கு மேல் அவர் தொடவில்லை. "நல்லாத்தான் இருக்கு. எறங்கல" என்பார். நேற்று பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

இந்த நிலையில் அவரை விட்டுவிட்டு எப்படி ஊர் திரும்புவது? சாப்பிடாவிட்டால் உடம்பு போய்விடும். மாட்டுக்கறியாகவே சாப்பிட்டால் இதயம் போய்விடும். ஒருத்தியைப் புதைத்த களைப்பே அவளுக்கு இன்னும் தீரவில்லை.

முதல் மாரடைப்பு வந்தபோதே டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். "மாட்டுக்கறிய விட்டுடுங்க மெர்வ். கறி இல்லாம முடியாதுன்னா கங்காரு சாப்பிடுங்க. கொழுப்பே கிடையாது."

"அத நாங்க நாய்க்குப் போடுவோம் டாக்டர். நான் இன்னும் நாலு கால்ல நடக்க ஆரம்பிக்கல."

கட்டில் ஓரத்தில் நின்ற அம்மா சிரித்தாள். "விடுங்க டாக்டர். சொன்னா கேக்கற ஆளா இவரு?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நேற்று டவுன் கடையில் டெனீஸ் கங்காருக் கறி வாங்கியபோது கல்லாவில் இருந்த பெண், "நாய்க்குத்தானே?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். இன்று அப்பாவிடமும் பொய்.

தட்டை அவர்முன் வைத்தாள். மெர்வ் ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

டெனீஸ் கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி மெல்ல ஆரம்பித்தார். அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு. தட்டு காலியானதும் ரொட்டியால் குழம்பைத் துடைத்துத் தின்றுவிட்டு, தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

அவள் திரும்பி நின்று பரிமாறினாள். முகத்தைக் காட்ட முடியவில்லை. மறுபடி திரும்பியபோது அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"சூடு." மிச்சத்தையும் சாப்பிட்டார். "கொஞ்சம் வறண்டிருக்கு. அடுத்த தடவ ரெண்டு துண்டு பேக்கன் சேத்து வேகவை. உங்கம்மா போடுவா."

"மாட்டுக்கறிக்கு எதுக்குப்பா பன்னிக் கொழுப்பு?"

மெர்வ் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். டெனீஸ் வற்புறுத்தவில்லை. சாப்பிட்டுவிட்டார், அது போதும். ஒரு சின்னப் பொய்யால் இந்த மனிதரை இன்னும் சில வருஷம் நிறுத்தி வைக்க முடியுமென்றால், தினமும் சொல்லலாம்.

"நாளைக்கும் இதே மாட்டுக்கறியே செய்யறேன்பா."

"செய்."

மெர்வ் எழுந்து வாயைத் துடைத்த காகிதத்தைப் போடக் குப்பைத் தொட்டியைத் திறந்தார். உருளைக்கிழங்குத் தோலுக்கு மேலே, தாவும் கங்காரு படத்தோடு உறையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. 

அவர் அதை ஒரு விரலால் உள்ளே தள்ளி, மேலே நாலு தோலை இழுத்துவிட்டு, தொட்டியை மூடினார். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றார்.

"நாளைலேர்ந்து பூட்ஸ இன்னும் கொஞ்ச நேரம் தட்டறேன். ஒளிச்சு வைக்கறதுல உங்கம்மா வேகம் உனக்கு இல்ல."