ஆட்சேபணை இல்லை

"பனமரத்துல மட்டும் கை வச்சீங்க, இதே ஆபீஸ் வாசல்ல மண்ணெண்ணெய ஊத்திக்குவேன் தலைவரே!"

சுலோசனா போட்ட சத்தத்தில், செல்போன் கம்பெனி இன்ஜினியர் கையிலிருந்த டீயைப் பேன்ட்டில் கொட்டிக்கொண்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் தட்சணாமூர்த்தி நெற்றியைத் தேய்த்தார். மரக்காணத்தை ஒட்டி உப்பளம் வைத்திருப்பவர். செல்போன் டவர் வந்தால் லாரிக்காரனைப் போனில் கூப்பிட மெயின் ரோட்டுக்கு ஓட வேண்டாம் என்று அவருக்கு ஆசை. மெம்பர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. குப்பத்து மெம்பர் பக்கிரி ஒருவன்தான் பாக்கி. பாக்கியாவது நல்ல பாக்கியாக இருக்கக் கூடாதோ! அவன் வாயைத் திறக்காமல் பெஞ்சு ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்க, அவன் பெண்டாட்டி சுலோசனா கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ரெண்டே ரெண்டு பனமரம். அதுக்குப் போயி இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

"கரையில இருந்து பார்த்தா உங்களுக்கு மரம். கடல்ல இருந்து பார்த்தாதான் தெரியும். ரெண்டு பனையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சு ஒரே மரமாத் தெரியணும். அப்ப நேரா வுட்டா நம்ம குப்பம். அத வெட்டிட்டீங்கன்னா எம்புள்ள எதப் பார்த்து கரை புடிப்பான்?"



சுனாமி அன்றைக்கு விடிகாலையில் வலையோடு போன பிள்ளை வெற்றிச்செல்வன். பதினாலு மாதம் ஆகிறது. அலையில் அடிபட்ட சுலோசனா, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்ததும், "செல்வம் வந்துட்டானா?" என்றுதான் கேட்டாள். "வருவான்" என்றான் பக்கிரி. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடுகிறாள். செத்துப்போனதாக சர்டிபிகேட் வாங்கச் சொன்ன தாசில்தார் ஆபீஸ் ஆளை விளக்குமாற்றால் விரட்டினாள்.

"அன்னைக்கு தெக்க இருந்து யாராவது ஒரு போன் போட்டிருந்தா எல்லாரும் மேட்டுக்கு ஓடியிருக்க மாட்டோமா? அதுக்குத்தாம்மா டவர் கேக்குறேன்" என்றார் தலைவர், குரலைத் தணித்து.

இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். "மரத்த வெட்டவே வேணாம்மா. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற எடமே போதும். டவரு நூத்தி முப்பது அடி. உச்சியில ராத்திரி பூரா சிவப்பு லைட்டு எரியும். கடல்ல ரொம்ப தூரத்துக்குத் தெரியும்."

சுலோசனா அப்படியே நின்றாள். "ராத்திரி பூராவா?"

"ஆமாம்மா."

"மழை பேஞ்சா?"

"எரியும்."

"கரண்டு போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கும்மா."

"அட, அத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், போடுய்யா கையெழுத்த. இருட்டுல வந்தாக்கூட புள்ளைக்கு வழி தெரியும்."

பக்கிரி எழுந்தான். "அந்த எடம் வேணாம்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"வேற எங்கியாவது போடுங்க. அங்க... அங்க போட்டா நல்லா இருக்காது. கடல்பக்கம் பார்த்தா வெறும் இரும்பாத் தெரியும். ஊரு அழகே போயிடும்."

"ஊரு அழகா!" தலைவர் சிரித்தேவிட்டார். "ஏம்பா, குப்பம் மொத்தமும் தகரக் கொட்டாயி. இதுல நீ அழகக் கண்டியா?"

ஆபீஸே சிரித்தது. சுலோசனா மட்டும் சிரிக்கவில்லை. அவன் கிட்டே வந்து முகத்தையே பார்த்தாள்.

"ஏன்யா, புள்ள வர்றதுல உனக்கு இஷ்டம் இல்லியா?"

அவனால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பேனாவை வாங்கினான். 'ஆட்சேபணை இல்லை' என்று டைப் அடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.

மத்தியானமே எல்லாரும் இடம் பார்க்கப் போனார்கள். இரண்டு பனைக்கும் நடுவில் இன்ஜினியர் சுண்ணாம்புத் தூளால் பெரிய சதுரம் போட்டார்.

"திங்கக்கிழமை மெஷின் வரும் தலைவரே. பத்தடி ஆழம் தோண்டணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தலைவரும் கூடவே கிளம்பினார்.

சுலோசனா விடுவிடுவென்று சதுரத்துக்கு நடுவில் போய் நின்றாள். நெற்றியில் கையை வைத்து வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்கு நேர் மேலதான லைட்டு வரும்? வாய்யா, நீயும் வந்து பாரு."

பக்கிரி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டவில்லை. "வெளிய வா."

"இன்னாத்துக்கு?"

"வான்றேன்ல!"

"சும்மா கத்தாத. எம்புள்ள வர்ற வழிய நான் பார்க்கக் கூடாதா?" சொல்லிவிட்டுக் காலை இன்னும் அழுத்தி ஊன்றி நின்றாள்.

பக்கிரி கோட்டுக்கு வெளியே அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ ஒம்போது நாளு கண்ணத் தொறக்கல சுலோசனா. ஊரே கேம்புல இருந்துது. கரையில நான் ஒருத்தன்தான்" என்றான். "மூணாம் நாளு விடியக்காலையிலயே அவன் வந்துட்டாண்டி... கொஞ்சம் தள்ளி நில்லு, புள்ள உன் காலுக்குக் கீழதான் இருக்கான்."