கொடி ஏறாத வள்ளம்

தேர்தல் நெருங்கியும் திரேஸ்புரம் கடற்கரையில் தஸ்நேவிஸின் வள்ளத்தில் மட்டும் கட்சிக் கொடி ஏறவில்லை.

“ஏங்க, எந்தக் கட்சின்னு இன்னுமா முடிவாகல?” என்றாள் மனைவி ரெஜினா.

“அரசியல்னா சும்மாவா? நாலையும் யோசிக்கணும்லா!”

சொன்னானே தவிர, வாசலில் நின்றவனின் கண்ணெல்லாம் ரெஜினாவின் அண்ணன் கஸ்பாரின் வள்ளத்தில்தான் இருந்தது. வலைத் தகராறில் இருவருக்கும் பேச்சில்லை. போன தேர்தலில் கஸ்பார் கட்டிய கொடிக்கு எதிர் அணிக் கொடியைக் கட்டி, அந்தக் கட்சிக்காக இன்றுவரை டீக்கடையில் மல்லுக்கட்டுகிறவன் தஸ்நேவிஸ். இந்த வாட்டி கஸ்பாரும் கட்டவில்லை. எதை எதிர்ப்பது என்று தெரியாமல் அவனுக்குக் கிறுகிறுத்தது.

சாயங்காலம் கஸ்பாரே வீடு தேடி வந்துவிட்டான்.

“மாப்ள, சீக்கிரம் கொடியக் கட்டும். அதப் பாத்துத்தான நான் எதிர்க்கொடி கட்டணும்?”

“என்ன மச்சான் சொல்லுதீரு? உம்ம கொடியப் பாத்துல்லா நான் கட்டுவேன்!”

“போன வாட்டி முதல்ல உம்ம வள்ளத்துலதான கொடி பறந்துச்சு? நான் கண்ணால பாத்தேன்.”

“உமக்கு முந்தி நான் கட்டவே இல்லயே!”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தார்கள். அடுப்படியிலிருந்து ரெஜினா தயங்கித் தயங்கி வந்தாள்.

“அது வந்து... போன வாட்டி கட்சிக்காரன் குடுத்த கொடி சும்மா கிடந்துச்சு. அதால ஐஸ் பெட்டியத் துடைச்சிட்டு, அலசி வள்ளத்துல காயப் போட்டேன்.”



கஸ்பார் தொண்டையைச் செருமினான்.

“ஏளா தங்கச்சி, இந்த வாட்டி எந்தத் துணியக் காயப் போடப் போற?”