எலுமிச்சை பிழியும் கட்டை

எலுமிச்சம்பழத்தை அவளே இரண்டாக நறுக்கினாள்.

காப்பாட்சியர் செய்கிற வேலை இல்லை அது. ஆனால் நகர அருங்காட்சியகத்தில் புதிய கூடம் திறக்கும் நாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் முண்டியடித்து நின்றார்கள். நிருபர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

கூடத்துக்குள் ஒரு பண்ணை வீட்டுச் சமையலறை. வெண்கலப் பானை, முறுக்கு உரல், அரிவாள்மணை. எல்லாம் பண்ணையார் கொடுத்தவை.

நடுவில் அந்தக் கட்டை. ஒரு முனையில் தோல்வாரால் பிணைத்த இரண்டு தேக்குத் துண்டுகள்.

பரணிலிருந்து சாமான்களோடு அதுவும் இறங்கி வந்தபோது, இது என்ன என்று பேரன் கேட்டான். பண்ணையார் சொன்ன பதில்தான் இப்போது அட்டையில் அச்சாகியிருந்தது: எலுமிச்சை பிழியும் கட்டை.

அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். கையுறை போடவில்லை.

"ஐயா, நீங்களே பிள்ளைங்களுக்குப் பிழிஞ்சு காட்டுங்க."

முன்னால் நின்ற பண்ணையார் சிரித்தார். எண்பது வயதுக்கு நல்ல பற்கள்.

பழத்தை இடையில் வைத்து அழுத்தினார். சாறு முழங்கைக்கு வழிந்தது. பழம் வழுக்கி விழுந்து உருண்டது. அடுத்த பாதியும் அப்படியே. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கட்டையில் பழம் உட்காரக் குழி இல்லை. வரிசையாக நான்கு பள்ளங்கள் மட்டும்.

அவளுடைய அப்பா இடது கையால்தான் சாப்பிட்டார்.

நெல்லைத் திருடவில்லை என்று அவர் சொன்ன அன்று, வலது கை விரல்களை இதற்குள் வைத்து நெரித்தார்கள். அழுத்தியது, அப்போது மீசை முளைக்காத சின்னப் பண்ணையாக இருந்த இவர். சாகும்வரை அப்பா அந்த மீசையில்லாத முகத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஊருக்கு மாற்றலை அவள் கேட்டு வாங்கினாள். சமையலறைக்கென்று ஒரு கூடம் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியவளும் அவள்தான். பண்ணை வீட்டுப் படியேறி, பரண்மேல் கிடப்பதையும் விடாமல் கொடுங்கள் என்று கைகூப்பினாள்.

கைகூப்பியபோது அவள் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியவில்லை.

இப்போது ஈரக் கட்டையை அவரிடமிருந்து வாங்கி, புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"பழம் நிக்காதுங்கய்யா. விரல வச்சுப் பாருங்க. அளவா இருக்கும்."

செல்போன்கள் இன்னும் தூக்கியபடியே இருந்தன.

பண்ணையாரின் வலது கை சால்வைக்குள் போனது. அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"வைங்க தாத்தா!" என்றாள் முன்வரிசையில் ஒரு சிறுமி. "பயந்துட்டாருடி," என்றாள் இன்னொருத்தி. பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வைங்க தாத்தா, வைங்க தாத்தா.

அவள் கட்டையை விரித்துப் பிடித்தாள்.

அவசரம் ஒன்றும் இல்லை.