மழை வேண்டாம் ஆண்டவரே

"வீட்டு ஜெபத்தை எப்படி நடத்துறதுன்னு நம்ம சபையில இருக்கிற அப்பாமாருக்கு ஞாயித்துக்கிழமை நீங்கதான் சொல்லணும்" என்றார் வீட்டுக்கு வந்திருந்த பாஸ்டர்.

உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஞானமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாம் கண்டிப்புதான் ஐயா. அளத்துல உப்பு கரையக்கூடாதுன்னு என் பொண்டாட்டியும் பொண்ணும் தினம் அழுது ஜெபிக்கிறாங்க."

அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. மனைவி மேரிசெல்வி மீன் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து முழங்காலில் விழுந்தாள். மகள் ஷெர்லினும் விழுந்தாள்.

"மழை வேண்டாம் ஆண்டவரே!"

பாஸ்டருக்குக் கண் கலங்கியது. வானத்தைப் பார்க்க ஞானமுத்து வாசலுக்குப் போனார்.

"உப்பு கரைஞ்சிடும்னு பயமா பாப்பா?"

ஷெர்லின் குரலைத் தாழ்த்தினாள். "உப்பு முதலாளியோடது ஐயா. மழை பெஞ்சா அப்பாவுக்கு வேலை கிடையாது. வீட்லயே இருந்து உபவாச ஜெபம் வச்சிடுவாரு. பொழுது சாயுற வரைக்கும் யாருக்கும் சோறு இல்ல."

வாசலிலிருந்து ஞானமுத்துவின் குரல் வந்தது. "ஐயா, நல்லா இருட்டிக்கிட்டு வருது. மழை புடிச்சா நீங்களும் இங்கயே இருங்க. சாயங்காலம் வரைக்கும் சேர்ந்தே ஜெபிக்கலாம்!"

மீன் குழம்பு மணத்தது. பாஸ்டர் மெதுவாக முழங்காலில் இறங்கினார்.

"மழை வேண்டாம் ஆண்டவரே!"